கடித வழி செஸ்: எண்ட்கேமில் மெஷினைத் தொடுவதற்கு முன்னும் பின்னும்

இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் மாமாவுடன் வாட்ஸ்அப்பில் செஸ் ஆடுகிறேன். இப்படி நகர்வைச் செய்தியாக அனுப்பி நாட்கணக்கில் ஆடுவதுதான் கடித வழி செஸ். ஒரு நாளைக்கு ஒரு நகர்வு. அவருக்கு மூட்டு வலி அதிகமான வாரத்தில் அதுவும் இல்லை. ஒரு ஆட்டம் யானை எண்ட்கேமில், அதாவது யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டத்தில், வந்து நின்றது. எனக்கு இரண்டு சிப்பாய், அவருக்கு ஒன்று, ஆளுக்கொரு யானை. ராஜாக்களையும் சேர்த்தால் பலகையில் ஏழு காய். வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே போனில் டேபிள்பேஸ் பக்கத்தைத் திறந்தேன். காய் குறைந்த நிலைகளுக்கெல்லாம் சரியான முடிவையும் நகர்வையும் எழுதிவைத்திருக்கும் கணினித் தொகுப்பு அது. நிலையைப் போட்டேன். பட்டியலில் முதலாவதாக இருந்த நகர்வை அப்படியே அனுப்பிவிட்டேன். சிப்பாயை ஒரு கட்டம் தள்ளும் நகர்வு அது. தள்ளிய இடத்தில் அவருடைய யானை அதைச் சும்மா அடித்துக்கொள்ளலாம்.

அங் மோ கியோ நிலையம் வருவதற்குள் பதில் வந்துவிட்டது.

“மாப்ள, சிப்பாயை எதுக்குச் சும்மா குடுக்கிற? இது நீ போட்டதா, மெஷின் போட்டதா?”

“மெஷின்தான் மாமா. மன்னிச்சிருங்க.”

“சரி. மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நான் ரெண்டு நாளா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பலகையையே பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அந்தக் கடைசி வரிதான் சுட்டது. அவர் ஒரு மனிதனோடு ஆடுவதாக நினைத்து இரண்டு நாள் யோசித்திருக்கிறார். நான் கிளம்புகிற ரயிலில் அரை நிமிடம் செலவழித்திருக்கிறேன். கடித வழி செஸ்ஸில் நாகரிகம் என்று எதைச் சொன்னாலும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது: எதிரில் இருப்பவருக்கு, தான் யாரோடு ஆடுகிறோம் என்பது தெரிய வேண்டும், அவருடைய நாட்கள் வீணாகக்கூடாது. அதை எண்ட்கேமில் எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: முதல் நகர்வுக்கு முன்பே பேசிவிடுங்கள்

கடித வழி செஸ்ஸில் மெஷின் கூடுமா, கூடாதா? எங்கே ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

உலக அளவில் போட்டிகளை நடத்துவது ஐசிசிஎஃப் எனப்படும் அனைத்துலகக் கடித வழி செஸ் சம்மேளனம். 1951-இல் தொடங்கியது. ‘அமிசி சுமுஸ்’ என்ற இலத்தீன் வாசகம்தான் அதன் கொள்கை. ‘நாம் நண்பர்கள்’ என்று பொருள். அங்கே என்ஜின் (செஸ் ஆடும் கணினி நிரல்), டேட்டாபேஸ் (பழைய ஆட்டங்களின் தொகுப்பு), டேபிள்பேஸ் எல்லாமே அனுமதி. ஆனால் நகர்வை முடிவு செய்வது ஆட்டக்காரராக இருக்க வேண்டும். உங்கள் சார்பில் இன்னொருவர் உட்கார்ந்து ஆடக்கூடாது.

செஸ்.காம் தளத்தின் டெய்லி ஆட்டத்தில் கதை வேறு. ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க) நூல்களையும் டேட்டாபேஸையும் பார்க்கலாம். என்ஜின் கூடாது, டேபிள்பேஸும் கூடாது. லிசெஸ் தளத்தின் கடித வழி ஆட்டத்திலும் ஓப்பனிங் பார்க்கத் தடையில்லை, என்ஜினுக்குத் தடை. பலர் வழுக்கி விழுவது இங்கேதான். “ஆரம்பத்துக்குப் புத்தகம் பார்க்க விட்டார்கள், முடிவுக்கு மட்டும் ஏன் கூடாது, டேபிள்பேஸும் ஒரு புத்தகம்தானே?” என்று மனம் வாதாடும். ஓப்பனிங் புத்தகம் மற்றவர்கள் ஆடிய பாதையைக் காட்டுகிறது, அதற்குப் பிறகு நீங்கள் யோசித்தாக வேண்டும். டேபிள்பேஸ் யோசிப்பதற்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை. புத்தகத்தை அனுமதிக்கிற இடத்திலும் இதைத் தடுப்பது அதனால்தான்.

மூன்றாவது வகை, நானும் மாமாவும் ஆடுவது போன்ற சொந்தக்கார ஆட்டம். விதிப்புத்தகம் கிடையாது. அதனால்தான் பேச வேண்டியதும் இங்கே அதிகம். இப்போது நான் புது ஆட்டம் தொடங்கினால் முதல் நகர்வோடு இப்படி ஒரு செய்தி அனுப்புகிறேன்: “என்ஜின் வேண்டாம். புத்தகம் பார்க்கலாம். டேபிள்பேஸ் ஆட்டம் முடிந்த பிறகு. ஒரு நகர்வுக்கு ஐந்து நாள். ஊருக்குப் போனால் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.” அவ்வளவுதான். சென்னையில் இருக்கும் ஒரு நண்பருடன் வேறு மாதிரி ஒப்பந்தம்: ஏழு காய்க்கு வந்துவிட்டால் இருவரும் சேர்ந்தே டேபிள்பேஸைப் பார்த்து முடிவை எழுதிக்கொள்வோம். அவருக்கு எண்ட்கேமில் பொறுமை கிடையாது, எனக்கும் அந்த ஆட்டத்தில் அது போதும்.

எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ளலாம், பாதி ஆட்டத்தில் மட்டும் பேச ஆரம்பிக்காதீர்கள். பலகையில் எட்டு காய் மிஞ்சியிருக்கும்போது “இனி டேபிள்பேஸ் பார்க்கலாமா?” என்று கேட்பவர் பெரும்பாலும் அதனால் லாபம் அடையப் போகிறவர். மறுத்தால் எதிராளி கெட்டவராகிவிடுவார். அந்தச் சங்கடத்தில் யாரையும் தள்ளக்கூடாது.

இரண்டாம் படி: எண் வேறு, தீர்ப்பு வேறு என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மெஷின் அனுமதி உள்ள ஆட்டத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்தக் குழப்பத்திலிருந்துதான் கிளம்புகிறது.

ஸ்டாக்ஃபிஷ் போன்ற என்ஜின் காட்டும் எண் ஒரு மதிப்பீடு. முன்னோக்கிக் கணக்குப் போட்டு, எட்டிய தூரத்தில் நின்று, “எனக்கு இப்படித் தோன்றுகிறது” என்று சொல்கிறது. இன்று பிளஸ் ஒன்றரை (ஒன்றரைச் சிப்பாய் அளவு சாதகம்), விடியவிடிய ஓடவிட்டால் பிளஸ் அரை. டேபிள்பேஸ் அப்படி இல்லை. அது பின்னாலிருந்து கட்டப்பட்டது. செக்மேட் ஆகிவிட்ட நிலைகள் அத்தனையையும் முதலில் எழுதிக்கொண்டு, அவற்றுக்கு ஒரு நகர்வு முன்னால் எது, அதற்கும் முன்னால் எது என்று பின்னோக்கி நடந்து, அந்தக் காய்களால் உண்டாகக்கூடிய எல்லா நிலைகளுக்கும் முடிவு எழுதப்பட்டிருக்கிறது. அது கணிப்பு கிடையாது, தீர்ப்பு.

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் இந்த வேலையில் முன்னோடி. இரண்டு மந்திரிகள் (பிஷப்) எதிர் ஒரு குதிரை என்ற எண்ட்கேமில் ஒரு தற்காப்பு நிலை உண்டு. 1851-இல் கிளிங், ஹார்விட்ஸ் என்ற இருவர் அதை டிரா என்று எழுதிவைத்தார்கள். 130 ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் நம்பினார்கள். 1983-இல் தாம்சனின் கணினி அது வெற்றி என்று காட்டியது. குதிரையை அடிக்க அதிகபட்சம் 66 நகர்வு பிடிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னது. பழைய புத்தகத்தை நம்பி அந்த நிலைக்குள் நுழைந்தவரின் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது எல்லோரும் பயன்படுத்துவது சிசிஜி என்ற டேபிள்பேஸ். ரொனால்ட் டி மான் என்பவர் 2013-இல் வெளியிட்டார். ஐந்து காய் வரைக்குமான கோப்புகள் சுமார் 1 ஜிபி, போனிலேயே அடங்கும். ஆறு காய் சுமார் 150 ஜிபி. ஏழு காய் 2018-இல் முழுமையானது, அதற்குப் பதினேழு பதினெட்டு டெராபைட் வேண்டும். அதற்காக சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் ஹார்ட் டிஸ்க் வாங்கி அடுக்காதீர்கள். லிசெஸ் தளத்திலேயே ஏழு காய் வரை இலவசமாகப் பார்க்கலாம். வீட்டில் ஆறு காய், வெளியே ஏழு காய் என்று வைத்துக்கொண்டால் போதும்.

இனி, அந்த மெஷின் ஏன் என் சிப்பாயைத் தானமாகக் கொடுத்தது என்ற கேள்வி. சிப்பாய் நகராமலும் காய் அடிபடாமலும் 50 நகர்வு போனால் டிரா கேட்கலாம், அதுதான் 50 நகர்வு விதி. சிப்பாய் நகர்ந்தாலோ காய் அடிபட்டாலோ அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சிசிஜி செக்மேட்டுக்கு எத்தனை நகர்வு என்று பார்ப்பதில்லை, அந்தப் பூஜ்யத்துக்கு எத்தனை நகர்வு என்றுதான் பார்க்கிறது. சிப்பாயைத் தள்ளினால் உடனே பூஜ்யம். சிப்பாய் போனாலும் ஆட்டம் வெற்றிதான் என்பது அதற்குத் தெரியும், அதனால் கவலையில்லாமல் தள்ளியது. மனிதர் யாரும் அப்படிச் செய்யமாட்டார். மாமா கண்டுபிடித்தது அதை வைத்துத்தான். ஆக, அனுமதி உள்ள ஆட்டத்திலும் பட்டியலின் முதல் நகர்வைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பாதீர்கள். வெற்றி என்று குறிக்கப்பட்ட நகர்வுகளில் உங்களுக்குப் புரிகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முடிவு செய்வது நீங்கள்தான் என்ற விதிக்கு அப்போதுதான் அர்த்தம் இருக்கும்.

மூன்றாம் படி: அந்த ஒரு டிக்கைச் சரிபாருங்கள்

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என்ஜின் அனுமதி உள்ள ஒரு போட்டி ஆட்டம். நான் கறுப்பு. கொஞ்சம் மோசமான நிலை. இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, யானைகளை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தற்காப்பு. இன்னொன்று, எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு, அவருக்கு இரண்டு குதிரை, எனக்கு ஒரே ஒரு சிப்பாய் என்ற முடிவுக்குப் போவது. என்ஜின் இரண்டாவது வழிக்குப் பூஜ்யம் காட்டியது. டிரா! சந்தோஷமாக மாற்றிக்கொண்டேன். மாற்றி முடித்ததும் எதிராளி டேபிள்பேஸ் அடிப்படையில் வெற்றி கோரினார். கோரிக்கை சரி. ஆட்டம் போயிற்று.

நடந்தது இதுதான். இரண்டு குதிரைகளால் வெறும் ராஜாவைக் கட்டாயப்படுத்தி மேட் செய்ய முடியாது. ஆனால் எதிரியிடம் ஒரு சிப்பாய் இருந்தால் பல நேரம் முடியும், அவருக்கு ஆட நகர்வு மிச்சம் இருப்பதால் ‘பேட்’ (ஸ்டேல்மேட், நகர்வில்லாமல் டிரா) ஆகாது. ட்ராய்ட்ஸ்கி என்ற ரஷ்யப் புதிர் வல்லுநர் இதற்கு ஒரு கோடே போட்டுக் கொடுத்திருக்கிறார். கறுப்புச் சிப்பாய் ஏ4, பி6, சி5, டி4, ஈ4, எஃப்5, ஜி6, ஹெச்4 என்ற கட்டங்களைத் தாண்டி முன்னேறாதபடி ஒரு குதிரை உறுதியாகத் தடுத்து நிறுத்தியிருந்தால் வெள்ளைக்கு வெற்றி. சிக்கல் என்னவென்றால் சில நிலைகளில் அதற்கு நூறு நகர்வுக்கு மேல்கூட ஆகும். நேர் ஆட்டத்தில் 50 நகர்வு விதி குறுக்கே வந்து டிரா ஆக்கிவிடும்.

டேபிள்பேஸ் உலகத்தில் இதற்கு ‘கர்ஸ்டு வின்’ என்று பெயர், சாபம் பிடித்த வெற்றி. மறுபக்கத்தில் இருப்பவருக்கு அது ‘பிளெஸ்டு லாஸ்’, ஆசி பெற்ற தோல்வி. சிசிஜியின் தீர்ப்புகள் மொத்தம் ஐந்து: வெற்றி, சாப வெற்றி, டிரா, ஆசித் தோல்வி, தோல்வி. ஐசிசிஎஃப் 2014 முதல் தொடங்கும் போட்டிகளில் ஆறு காய் டேபிள்பேஸை வைத்து வெற்றியோ டிராவோ கோர அனுமதித்தது. 2020-இல் அதை ஏழு காயாக உயர்த்தியது. அப்படிக் கோரும்போது 50 நகர்வு விதி கணக்கில் வராது. அதாவது அங்கே சாபம் பலிக்காது, வெற்றி வெற்றிதான்.

என்ஜினுக்கோ இது தெரியாது. ஸ்டாக்ஃபிஷின் அமைப்புகளில் ‘சிசிஜி 50 மூவ் ரூல்’ என்று ஒரு டிக் உண்டு. நாம் தொடாவிட்டால் அது போடப்பட்டே இருக்கும். போட்டிருந்தால் சாப வெற்றிகளை டிரா என்றே எண்ணிக் கணக்குப் போடும். நான் பார்த்த பூஜ்யம் அந்தப் பூஜ்யம். ஐசிசிஎஃப் ஆட்டமென்றால் எண்ட்கேம் நெருங்குவதற்கு முன்பே இந்த டிக்கை எடுத்துவிடுங்கள். நேர் ஆட்ட விதி பொருந்தும் போட்டியென்றால் இருக்கட்டும்.

இதில் நாகரிகம் எங்கே வந்தது என்று கேட்கலாம். அன்று நான் எதிராளிக்கு எழுதிய முதல் செய்தி நாகரிகமாக இல்லை. “என் மெஷின் டிரா என்கிறது, நீங்கள் எப்படி வெற்றி கோரலாம்?” என்று கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாக விதியை எடுத்துக்காட்டி, அந்த டிக் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிக்கொடுத்தார். தோற்றவனுக்கு ஜெயித்தவர் பாடம் எடுத்தார், அதுவும் கோபப்படாமல். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. என் மெஷின் சொன்ன எண்ணை ஆதாரமாக நீட்டுவதை அத்தோடு விட்டேன்.

நான்காம் படி: எட்டு, ஒன்பது, பத்து காய் இருக்கும்போதுதான் உங்கள் வேலை

ஏழு காய்க்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. ஆகவே மெஷின் அனுமதி உள்ள ஆட்டத்தில் உண்மையான எண்ட்கேம் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. எந்த மாற்றம் எந்த முடிவில் கொண்டுபோய் விடும் என்பதுதான் கேள்வி. சாத்தியமான ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடைசியில் வரும் ஏழு காய் நிலையை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் டேபிள்பேஸில் போட்டுப் பாருங்கள். சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். கிளை பிரித்து எழுதினால் நாலு நாள் கழித்துத் திரும்பி வரும்போது மறக்காது.

2024 டிசம்பர் 12 ஞாபகம் இருக்கும். செந்தோசாவில் உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது ஆட்டம். தேக்கா பக்கம் எந்தக் காப்பிக்கடையில் உட்கார்ந்தாலும் குகேஷ் பேச்சுதான். யானையும் மந்திரியும் இருந்த எண்ட்கேம், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் என்ஜின் டிரா என்றே காட்டிக்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்வில் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானைகள் மாறின, உடனே மந்திரிகளையும் மாற்ற வழி பிறந்தது, மிஞ்சிய சிப்பாய் எண்ட்கேமில் டிங்குக்குத் தப்பிக்க இடமில்லை. 18 வயதில் சென்னைப் பையன் உலகச் சாம்பியன். மாற்றத்துக்குப் பிந்தைய நிலையைப் பார்க்காமல் மாற்றத்துக்கு வழிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த உதாரணம் அது. டிங்குக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு நாட்கள் இருக்கின்றன, சாக்குச் சொல்ல முடியாது.

எண் பொய் சொல்லும் இன்னொரு இடம் கோட்டை. சிப்பாய்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, உள்ளே நுழைய வழியே இல்லாத நிலை. என்ஜின் பிளஸ் இரண்டு, பிளஸ் மூன்று என்று பெருமையடிக்கும். சோதிக்க எளிய வழி: அந்த நிலையிலிருந்து என்ஜினைத் தன்னோடு தானே முப்பது நாற்பது நகர்வு ஆடவிடுங்கள். ராணி இங்கும் அங்கும் உலாவுகிறது, ஒரு சிப்பாயும் நகரவில்லை, எண் அப்படியே நிற்கிறது அல்லது மெல்லக் கரைகிறது என்றால் அது கோட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். இரவெல்லாம் லேப்டாப்பை ஓடவிடுவதைவிட இது பயன் தரும். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டின் சின்ன அறையில் அந்த விசிறிச் சத்தத்தோடு தூங்கிப் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

ஐந்தாம் படி: டிரா கேட்பது, ஒப்புக்கொள்வது, இழுத்தடிக்காதிருப்பது

ஏழு காய் வந்து தீர்ப்பு தெளிவாகிவிட்டால், கோர அனுமதி உள்ள இடத்தில் உடனே கோருங்கள். அது அவமரியாதை என்று சிலர் தயங்குகிறார்கள். உண்மையில் எதிராளியை இன்னும் அறுபது நகர்வு ஆடவைப்பதுதான் அவமரியாதை. ஒரு நகர்வுக்கு மூன்று நாள் என்று வைத்தாலும் அது ஆறு மாதம்.

டிரா கேட்பதற்கு முன் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த நிலையை எதிராளி ஜெயிக்க முயல்வதில் நியாயம் இருக்கிறதா? அவருக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்து, இன்னும் பத்து காய் பலகையில் இருந்தால், உங்கள் என்ஜின் பூஜ்யம் காட்டினாலும் அவருக்கு முயன்றுபார்க்க உரிமை உண்டு. ஒருமுறை கேளுங்கள். மறுத்தால் நிலை மாறும்வரை மறுபடி கேட்காதீர்கள். நகர்வுக்கு நகர்வு டிரா கேட்பது, சாப்பிடும்போது பக்கத்தில் நின்று “முடிஞ்சுதா, முடிஞ்சுதா” என்று கேட்பது மாதிரி. கேட்கும்போதும் மெஷினை இழுக்க வேண்டாம். “யானை பின்னாலிருந்து தாங்குகிறது, என் ராஜா மூலைக்கு வந்துவிட்டது, டிரா என்று நினைக்கிறேன், உங்கள் எண்ணம்?” என்று எழுதினால் அது உரையாடல். “ஆழம் 60, பூஜ்யம்” என்று எழுதினால் அதற்குப் பதில் எழுதத் தோன்றாது.

தோற்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் கடமை உண்டு. டேபிள்பேஸ் தோல்வி என்று சொல்லிவிட்ட பிறகு, மிச்சமுள்ள நாட்களையெல்லாம் செலவழித்து நகர்வை அனுப்புவது கடித வழி செஸ்ஸில் இருக்கும் மோசமான பழக்கம். எதிராளி நோயில் விழுவார், மறந்துபோவார், நேரம் தவறவிடுவார் என்று காத்திருப்பதுதான் அதன் உள்ளர்த்தம். நேரம் மிச்சமிருப்பது விதிப்படி உங்கள் உரிமைதான், ஆனாலும் எல்லோருக்கும் புரியும். மெஷின் கூடாத ஆட்டத்தில் இது பொருந்தாது. அங்கே ராணிக்கு எதிராக யானையை வைத்துக்கொண்டு தாராளமாகப் போராடலாம், மனிதர்கள் அதில் தடுமாறுவார்கள். 1970-களின் இறுதியில் வால்டர் பிரவுன் என்ற கிராண்ட்மாஸ்டர் ராணியை வைத்துக்கொண்டு, டேபிள்பேஸ் துணையோடு தற்காத்த தாம்சனின் கணினியை ஐம்பது நகர்வுக்குள் முதல் தடவை ஜெயிக்க முடியாமல் திணறினார். படித்துவிட்டு வந்து இரண்டாம் தடவைதான், அதுவும் ஐம்பதாவது நகர்வில் முடித்தார்.

தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போவதென்றால் முன்பே ஒரு வரி. இதைத் தனிப் படியாக எழுத வேண்டியதில்லை.

ஆறாம் படி: மெஷின் கூடாத ஆட்டத்தில் எதுவரை போகலாம்

பலகையில் காயை நகர்த்திப் பார்க்கலாம். கடித வழி செஸ்ஸில் அதுதான் அழகே. நான் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில் காயை அடுக்கிவைத்துப் பார்ப்பேன். ஆபத்து அங்கேயும் உண்டு. பக்கத்தில் காற்று வாங்க வந்த பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “தம்பி, ராஜாவை முன்னால கொண்டுபோங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல யோசனை, நான் அதைத்தான் நினைத்திருந்தேன். ஆனாலும் வெளியாள் உதவி வெளியாள் உதவிதான். இப்போது யாராவது நின்றால் “நடந்துக்கிட்டு இருக்கிற ஆட்டம் ஐயா, சொல்லிடாதீங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன். அதே காரணத்துக்காக, நடக்கும் ஆட்டத்தின் நிலையை வாட்ஸ்அப் குழுவில் போட்டு “யாருக்கு நல்லது?” என்று கேட்கவும் கூடாது.

எண்ட்கேம் புத்தகம் பார்க்கலாமா? போட்டி விதி நூல்களை அனுமதித்தால் பார்க்கலாம். யானை எண்ட்கேமின் அடிப்படைப் பாடங்களான லுசீனா நிலை, ஃபிலிடோர் நிலை எல்லாம் நூற்றாண்டுகளாகப் புத்தகத்தில் இருப்பவை. டேபிள்பேஸை வைத்துத் திருத்தி எழுதப்பட்ட புதிய புத்தகம் என்றால்? என் கருத்து: புத்தகம் பொதுவான வழியைச் சொல்கிறது, அதை உங்கள் நிலைக்குப் பொருத்துவது உங்கள் மூளை. ஆகவே சரி. உங்கள் ஆட்டத்தின் அதே நிலையைத் தட்டித் தேடுகிற கணமே அது புத்தகம் இல்லை. இதற்கு மாற்றுக் கருத்து உள்ளவர்களும் உண்டு, எதிராளி அப்படிப்பட்டவரா என்று முதல் படியிலேயே தெரிந்துவிடும்.

ஒரு நடைமுறைச் சிக்கல்: போனில் உள்ள பல செஸ் செயலிகள் நிலையைப் போட்டவுடன் கேட்காமலே என்ஜினை ஓட்டி எண்ணைக் காட்டிவிடும். நிலையை அடுக்குவதற்கு முன்பே அதை அணைத்துவிடுங்கள். தவறிப்போய்ப் பார்த்துவிட்டால் சொந்த ஆட்டத்தில் உடனே சொல்லிவிடுங்கள், போட்டியென்றால் நடத்துபவருக்கு எழுதுங்கள். கண்ணால் பார்த்ததை மூளையிலிருந்து அழிக்க முடியாது, முடியும் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் கூடாது.

ஏழாம் படி: எதிராளி மேல் சந்தேகம் வந்தால்

ஆட்ட உரையாடலில் குற்றம் சாட்டாதீர்கள். எண்ட்கேமில் நன்றாக ஆடுவது குற்றமில்லை, சிலருக்கு யானை எண்ட்கேம் தண்ணிபட்ட பாடு. போட்டியென்றால் நடத்துபவரிடமோ தளத்திடமோ தெரிவித்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். உறவென்றால் மாமா கேட்ட மாதிரி நேராகக் கேளுங்கள். அவர் குழுவில் போடவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, எனக்கே எழுதினார். அதனால்தான் ஒரே வரியில் ஒப்புக்கொள்ள முடிந்தது.

எட்டாம் படி: முடிந்த பிறகு

இப்போது எல்லா மெஷினையும் திறக்கலாம். முதலில் மெஷின் இல்லாமல் நீங்கள் நினைத்ததை எழுதி அனுப்புங்கள், அப்புறம் என்ஜின் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வரிசை மாறினால் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. மெஷின் அனுமதி உள்ள ஆட்டமாக இருந்தால் எந்த இடத்தில் என்ஜினின் பேச்சைக் கேட்காமல் சொந்தமாக முடிவெடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். எதிராளிக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருப்பது அதில்தான்.

மாமாவுடன் அந்த யானை எண்ட்கேமை அப்படியே விட்டுவிட்டு, சிப்பாயைத் தள்ளுவதற்கு முந்தைய நிலையிலிருந்து மறுபடி ஆடினோம். அவர் கேட்டுக்கொண்டது அது. மெஷின் இல்லாமல் ஆடியதில் நாற்பத்தோரு நகர்வில் டிரா ஆனது. டேபிள்பேஸ் வெற்றி என்று சொன்ன நிலை. பிறகு இருவரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து நகர்வு நகர்வாகப் பார்த்தோம். ஒன்பதாவது நகர்விலேயே நான் கோட்டைவிட்டிருந்தேன், பத்தாவது நகர்வில் அவரும் தவறு செய்து வெற்றியைத் திருப்பிக் கொடுத்திருந்தார், பதினொன்றில் மறுபடி நான். மாமா தே ஹாலியாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“ரெண்டு பேரும் சரியான ஆளுங்கதான் மாப்ள. அடுத்தது எனக்கு வெள்ளை.”